வரப்பில் பூத்த சூரியகாந்தி

மருமகள் காலைதோறும் ஒரு கரண்டி சூரியகாந்தி விதையை என் உள்ளங்கையில் கொட்டுகிறாள். குருதியில் கொழுப்பு மிகுந்துவிட்டதாம், மருத்துவர் கட்டளை. தோல் நீக்கிய அவ்விதையை மெல்லும்போது பச்சை மணம் ஒன்று எழும். உடனே என் உள்ளம் கொழுப்பை மறந்து, ஐம்பது ஆண்டு பின்னோக்கி ஓடி, மரக்காணத்தில் நான் குடியிருந்த ஓட்டு வீட்டின் கொல்லையில் போய் நிற்கும். "என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரி போவுது? கசக்குதா?" என்பாள் மருமகள். கசப்பன்று அம்மா, வெட்கம்.

எழுபதுகளின் முற்பகுதி அது. தமிழாசிரியனாகப் பணியேற்று ஓராண்டும் நிறையவில்லை. மணமாகி ஆறு திங்கள். என் மனைவி வசந்தா காவிரிக் கரையில் பிறந்தவள். விழித்த பொழுதெல்லாம் பச்சையையே பார்த்து வளர்ந்தவள். மரக்காணத்திலோ கொல்லை வேலியைத் தாண்டினால் உப்பளம். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. காற்றிலும் உப்பு இருந்தது. கொடியில் உலர்ந்த புடைவை அப்பளம்போல் விறைத்து நிற்கும். சாளரக் கம்பியைத் தொட்டால் துரு கையோடு வரும். மணநாள் குறித்து முடித்தபின் என் மாமனார் கேட்டது ஒரே வினாதான்: "அந்த ஊர்ல என்ன வெளையும்?" நான் மெய்யுரைத்தேன்: "உப்பு." திருமணம் அப்போதே நின்றிருக்க வேண்டும், நாள் குறித்துவிட்டதால் நடந்தது.

இந்நிலையில்தான் வேளாண்மை அலுவலர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்து, சூரியகாந்தி என்னும் புதுப் பயிரின் பெருமையைப் பேசினார். உவர் நிலத்தையும் அஃது ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றார். 'ஓரளவு' என்பதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரு கை நிறைய விதை வாங்கினேன். வானூர்ப் பக்கமிருந்து இரண்டு வண்டி செம்மண் வரவழைத்துக் கொல்லையில் பரப்பி, கை வைத்தால் மணிக்கட்டு வரை புதையுமாறு பொலபொலவென்று கிளறி, மூன்று பாத்தி கட்டினேன். மார்கழிக் கடைசியில் விதைத்தேன். மறுநாளே தலைப்பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு முனுசாமி உப்பளத் தொழிலாளி. அவரும் அவர் மனைவி அஞ்சலையும் ஊரிலேயே உழைப்புக்குப் பேர்போனவர்கள். திறவுகோலை அவரிடம் கொடுத்து, "ஐயா, இவற்றை உங்கள் அளத்துப் பாத்திகளாகவே கருதிப் பேணுங்கள்" என்றேன். அழகிய தொடர் என்று அன்று எனக்கே ஒரு மகிழ்ச்சி.

மாமனார் வீட்டில் பொங்கலுண்ட களைப்பில், மரக்காணத்தில் தோட்டம் ஒன்று வளர்ப்பதாக உற்றார் அனைவர் முன்னும் அளந்துவிட்டேன். ஆளுயரச் செடி, தட்டளவு மலர் என்று, முளைக்காத விதைக்கு உயரமும் அகலமும் சொன்னேன்.

"அப்படியா மாப்ளே? பங்குனியில வந்து பாக்குறேன்" என்றார் மாமனார். "தோட்டம் இருந்தா சரி. இல்லேன்னா ஒங்களுக்கு மாத்தல் கெடைக்கிற வரைக்கும் வசந்தா இங்கயே இருக்கட்டும். அந்தப் பொட்டல்ல கெடந்து காய வேணாம்."

நான் வசந்தாவை நோக்கினேன். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கரும்பைக் கடிப்பதில் ஆழ்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் திரும்பினோம். கொல்லைக் கதவைத் திறந்த நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். என் பொலபொலத்த மண்ணைக் காணவில்லை. மூன்று பாத்தியும் சலவைக்கல் பாவியதுபோல் வழவழவென்று கிடந்தன. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு நேர்த்தியான வரப்பு.

வேலிக்கப்பால் முனுசாமி முகமெல்லாம் பல்லாக நின்றார். "இன்னா சார் நீங்க, மண்ண இவ்ளோ லூசா உட்டு வச்சினு போய்ட்டீங்க? தண்ணி நிக்குமா? மேல கெடந்ததெல்லாம் வழிச்சி வரப்புல போட்டு, நானும் எங்க வூட்லயும் நாலு நாளு மிதிச்சோம். ஒரு சொம்பு ஊத்திப் பாருங்க, ஒரு சொட்டு கீழ போவாது!"

உப்பளத்தார் பாத்தியை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். உப்புநீர் மண்ணுக்குள் இறங்கலாகாது என்பதற்காக. நான் அறிந்த செய்திதான். சினம் கொள்ள வாயெடுத்தேன். அவர் பாதங்களில் வெடித்திருந்த பிளவுகளைக் கண்டேன். "மிக்க நன்றி" என்றேன். பின்னால் ஏதோ ஒலி கேட்டுத் திரும்பினால், வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மரக்காணத்தில் அவள் சிரித்து நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

பத்து நாளில் புதுமை ஒன்று நிகழ்ந்தது. வழித்துப்போட்ட மண்ணோடு விதையும் வரப்பேறியிருந்ததால், வரப்பெல்லாம் முளை விட்டது. உயர்ந்த மண்ணில் உவரின் கொடுமை குறைவு போலும். செடிகள் வரிசை கட்டி எழுந்தன. வயல் வெறுமையாகவும் வரப்பு விளைச்சலாகவும் அமைந்த தோட்டம் தமிழகத்தில் எனதாகத்தான் இருந்திருக்கும்.

நடுவிலிருந்த வெறுமையைத்தான் அஞ்சலையால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, இவ்ளோ சோக்கான தரைய சும்மா போட்டு வைப்பாங்களா?" என்று ஒரு நாள் பாயோடு வந்து நெத்திலியைக் காயப்போட்டாள். மறுநாள் வசந்தா கூழ்வடகம் பிழிந்தாள். அதற்கடுத்த நாள் தெருப்பெண்கள் மிளகாயும் புளியுமாக வந்தார்கள். நெத்திலிக்கும் வடகத்துக்கும் இடையே ஒரு முழம் விட வேண்டும் என்பது மட்டுமே அங்கு நிலவிய சட்டம். பள்ளி விட்டு வந்தால் கொல்லையில் எனக்குக் கால் வைக்க இடமிராது. ஒரே சிரிப்பும் காக்கை விரட்டும் ஒலியுமாக இருக்கும். "சார் வந்துட்டாரு, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கடி" என்பாள் அஞ்சலை. உடனே பேச்சு உரக்கும்.

பங்குனியில் மாமனார் வந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. மகளின் துணிமணிக்காக வெறுமையாகவே கொண்டுவந்திருந்தார். அன்று காலை நான் பட்ட பாட்டைச் சொல்ல என் தமிழ் போதாது. கொல்லைக் கதவு மேற்கே. முற்றிய மலர்களோ அத்தனையும் கிழக்கே கடலை நோக்கியிருந்தன. ஒரு மலராவது திரும்ப வேண்டுமே! மாமனாருக்கு முதுகைக் காட்டியே நின்றன.

அவர் சுற்றி வந்தார். குனிந்து தரையை விரலால் தட்டினார். "என்ன மாப்ளே இது? வரப்புல பயிரு, வயல்ல கருவாடு?"

நான் உவர் நிலத்தின் இயல்பை விளக்கத் தொடங்கினேன். வேலிக்கப்பாலிருந்து முனுசாமி உதவிக்கு வந்தார்: "பெரியவரே, தரை நாம போட்டது. நெல்லு கூட அடிக்கலாம்!"

"நெல்லு எங்கய்யா இருக்கு இங்க?" என்ற மாமனார், மகள் பக்கம் திரும்பினார். "பூ பூத்துருக்கு, இல்லேங்கல. ஆனா இதத் தோட்டம்னு ஒத்துக்க மாட்டேன். வசந்தா, துணிய எடுத்து வை."

முறுக்கு உழக்கில் மாவு நிறைத்துப் பிழிந்துகொண்டிருந்த வசந்தா நிமிரவே இல்லை. "எப்படிப்பா வர்றது? நேத்துப் பிழிஞ்சதுக்கே இன்னும் ஒரு வெயில் வேணும்."

"வடகத்துக்காகவா?"

"நாளைக்கி அஞ்சலைக்கி மாவு கிண்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். நீங்க நெழல்ல ஒக்காருங்க. இந்தாங்க குச்சி. காக்கா வருது பாருங்க."

எனக்காக ஒரு சொல்லில்லை, சூரியகாந்திக்காகவும் இல்லை. ஆனால் அவள் இருந்தாள். மாமனாரும் மூன்று நாள் இருந்து, பெட்டி நிறைய வடகமும் நெத்திலியும் கொண்டுபோனார். நெத்திலி மணத்தால் பேருந்தில் அவருக்கு இருக்கை முழுவதும் கிடைத்ததாகப் பின்னர் மடல் எழுதியிருந்தார்.

பதினோராண்டு அங்கு வாழ்ந்தோம். அண்மையில் ஒரு திருமணத்துக்காக அப்பக்கம் சென்றபோது வசந்தா இறங்கிப் பார்க்க விரும்பினாள். வீடில்லை, வேலியில்லை, முனுசாமியும் அஞ்சலையும் இல்லை, அவர்கள் பிள்ளைகள் எங்கென்று சொல்வாருமில்லை. பெருஞ்சாலை உணவகம் ஒன்றின் வண்டி நிறுத்துமிடமாக அக்கொல்லை ஆகியிருந்தது. உச்சி வெயிலில், ஏறத்தாழப் பாத்தி இருந்த இடத்தில், அவள் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காவலாளி ஓடிவந்தான்.

"ஆயா, இங்க வண்டிதான் நிக்கலாம், ஆளு நிக்கக்கூடாது. கொஞ்சம் நகருங்க."

தந்தை பெட்டியோடு வந்து அழைத்தும் அவ்விடம் விட்டு நகராதவள், "சரிப்பா" என்று நகர்ந்தாள்.