ஊன்றக் கூடாத ஆறு வாரம்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலருக்கு அப்பாவின் இடுப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் அவர் குணத்தைப் பத்தி எழுதறாங்க. நீ இடுப்பைப் பத்தியா?" என்றார். ஆமாம், இடுப்பைப் பற்றித்தான். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

நெமிலிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அப்பா, பதினேழு வயதில் ஆம்பூர் வந்து தோல் கம்பெனியில் சேர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்த காலத்தைத் தாண்டி, தோலைத் தரம் பிரிக்கும் செலக்டராக உயர்ந்தார். அண்ணனைப் படிக்கவைத்தார். என்னை வேலூரில் நர்ஸாக்கினார். அவருக்குப் பொய் சொல்லவே வராது என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

நாற்பத்தெட்டு வயதில் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. செயற்கை மூட்டு வைப்பதில் இரண்டு வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். சிமெண்ட் வைத்துப் பொருத்தினால் சில நாளிலேயே ஊன்றி நடக்கலாம். ஆனால் இந்த வயதுக்காரருக்குப் பிற்காலத்தில் அது தளர்ந்துபோகலாம். சிமெண்ட் இல்லாமல் வைத்தால் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது. "இது புது முறை. நாள்பட எப்படி இருக்கும்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாது" என்றார்.

அண்ணன் சிமெண்ட் என்றார். நான் வேண்டாம் என்றேன். அப்பா என்னைப் பார்த்து, "நீதாம்மா நர்ஸு. நீ சொல்றதுதான்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சில மாதத்திலேயே தொடையில் வலி தொடங்கியது. மூன்று வருடம், மாரடைப்பில் போகும்வரை, அது அவரை விடவில்லை. அவர் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "சிமெண்டே வெச்சிருக்கலாம்ப்பா, என்னாலதான்" என்று அழுவேன். "நீ சொன்னது சரிதாம்மா" என்று தரையைப் பார்த்தபடி சொல்வார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் ஜாஸ்தி அழுவேன்.

அடக்கத்தன்று அப்பாவோடு வேலை செய்த பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, நீ பேஜாராவாதே. நாலாவது வாரமே ஒங்கப்பா கம்பெனிக்கு வந்துட்டாரு. சரக்கு கப்பலுக்குப் போவணும், வேற யாரு பிரிச்சாலும் சரியா வரல. தோலை நின்னுதானே பார்க்கணும், உக்காந்தா தோல்ல இருக்கற பொட்டு, கீறல் வெளிச்சத்துல தெரியாது. ஊணுகட்டையைச் சுவத்துல சாய்ச்சிட்டு ரெண்டு காலையும் ஊணி நின்னாரு. மூணு நாளு. 'பாப்பாகிட்ட சொல்லிடாத பாய்'னாரு."

நான் அப்போது வேலூர் ஹாஸ்டலில் இருந்தேன், ஞாயிறுதான் வீட்டுக்கு வருவேன். அம்மாவிடம் கேட்டேன். "மூணு நாளும் ஜட்கா வண்டி வெச்சிக்கினு ஜெபக் கூட்டத்துக்குன்னு போனாருடி" என்றார்.

அப்படியானால் தப்பு என்னுடையதா, அந்த மூன்று நாளுடையதா? டாக்டரிடம் போனேன். "அதனாலயும் இருக்கலாம். ஒழுங்கா இருந்த சிலருக்கும் தொடை வலிக்குது. சிமெண்ட் வெச்சிருந்தா எப்படியோ, சொல்ல முடியாதும்மா" என்றார். ஒரு வருடமாக இதே குழப்பம்தான். ஒரு நாள் அப்பாமேல் கோபம், மறுநாள் என்மேல். சில நாள் அந்தக் கப்பல்மேல்கூட.

அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், வார்டு சகோதரிகளுக்கும், சபையாருக்கும், தூக்கிச் சுமந்த கம்பெனித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ரகசியத்தை மூன்று வருடம் காத்து, கடைசியில் மனசு கேட்காமல் உடைத்த பாய்க்கு என் தனி நன்றி.

அப்பா, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. திட்டியிருப்பேன், அவ்வளவுதானே. மூன்று வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே, அப்பா.