மன்னிப்பு அக்கா எழுதிய கடைசிப் பதில்

அந்த அலுவலகத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மன்னிப்பு அக்கா என்பார்கள். வேலையே அதுதானே! அந்த அலுவலகத்துக்குப் பணம் கட்டும் ஒரு கம்பெனியைப் பற்றி ஜனங்கள் இணையத்தில் குறை எழுதினால், கம்பெனியின் பேரில் “வருந்துகிறோம், சரிசெய்து தருகிறோம்” என்று இவள் பதில் போடவேண்டும். ஒன்பது வருஷமாகக் கேட்ட மன்னிப்பில் ஒன்றுகூட அவள் செய்த தப்புக்கு இல்லை.

ஒரு பிடிவாதம் மட்டும் உண்டு. குறை சொன்னவரோடு போனில் பேசாமல் ஒரு வரிகூடத் தட்டமாட்டாள்.

“குரலைக் கேக்காம மன்னிப்பு கேக்கறதுக்கு, செவுத்துக்கிட்டயே கேட்டுட்டுப் போலாமே சார்?” என்பாள். மானேஜர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படித்தான் அந்தத் தையல்காரம்மாவுக்கும் போன் போட்டாள். மின்சாரக் கெட்டிலின் கைப்பிடி கழன்று, கொதிக்கிற தண்ணீர் அவர் வலது கையில் கொட்டியிருந்தது.

“கெட்டில் கம்பெனிலேர்ந்து யாராவது பேசினாங்களாம்மா?”

“நீதான் தாயி முதல் ஆளு. கத்திரிக்கோலைப் பிடிக்க முடியல. எனக்கு வேற கெட்டில் எல்லாம் வேணாம். இன்னொருத்தர் கை வேகாம இருந்தாப் போதும்.”

அக்கா பழைய குறைகளைப் புரட்டினாள். அதே கைப்பிடி, பதினொரு பேர். பதினொரு பேருக்கும் “சரிசெய்கிறோம்” என்று எழுதியவள் அவளேதான். கம்பெனி ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. அவளுக்குக் காது மடல் சுட்டது.

மானேஜரிடம் கொண்டுபோனாள். அவர் அசையவில்லை. “ஜனங்க எழுதின மாதிரி நாமளே அறுபது பாராட்டைப் போட்டா அந்தம்மா எழுதினது கீழ போயிடும்” என்றார். அக்கா அதைத் தொடமாட்டாள் என்று தெரிந்து, தானே உட்கார்ந்து அவசரம் அவசரமாகப் போட்டார். பாராட்டெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த சரக்கு. போன மாதம் ஒரு ஓட்டலுக்காக எழுதியது. படித்துப் பார்க்கக்கூட அந்த மனுஷனுக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலையில் கெட்டிலுக்குக் கீழே வரிசையாக நின்றன: “ருசி பிரமாதம், குடும்பத்தோடு மறுபடி வருவோம்.” “பரிமாறியவர் தங்கமான மனிதர்.” யாரோ கீழே கேட்டிருந்தார்: “ஜன்னல் ஓரமா ஒரு டேபிள் கிடைக்குமா?”

ஊரே சிரித்தது. வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்பட்டாரா? அதுதான் இல்லை.

“அக்கா, இப்படி எழுதுங்க. அந்தத் தையல்காரி போட்டிக் கம்பெனியோட ஆளு. நம்மளைக் கேலி பண்ண அவங்கதான் இதையெல்லாம் போட்டாங்க. கை வெந்ததுகூட நாடகம்.”

“சார், பொய்க்காரின்னு எழுதினா அவங்களை நம்பி யாரு துணி குடுப்பா?”

“அவங்க நம்ம கிளையண்டா?”

“உங்க மேல ஒட்டின சேத்தை வழிச்சு வெந்த கையில தடவச் சொல்றீங்களா?”

“எழுதுங்க. இல்லேன்னா எழுந்து போங்க.”

வாசலில் ‘உங்கள் நற்பெயர் எங்கள் பொறுப்பு’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பணம் கட்டினவனுக்குத்தான் பேர் உண்டா? தையல் மெஷினில் உட்கார்ந்து பேர் சம்பாதித்தவளுக்கு இல்லையா?

அக்கா உட்கார்ந்து எழுதினாள், கம்பெனியின் பேரிலேயே. ‘கைப்பிடி கழன்றது உண்மை. இதற்கு முன் பதினொரு பேர் சொல்லியும் நாங்கள் சரிசெய்யவில்லை. இந்தப் பாராட்டுகள் எங்களுக்காக ஓர் அலுவலகம் போட்டவை. இந்த அம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.’

உடனே போனை எடுத்தாள். “அம்மா, கம்பெனி பேர்ல இப்ப ஒரு பதில் போட்டிருக்கேன், அதைப் படம் பிடிச்சு வச்சுக்குங்க. ரொம்ப நேரம் நிக்காது.”

கால் மணி நேரம்தான் நின்றது. மானேஜர் அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் தையல்காரம்மா தன் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் படத்தை அனுப்பிவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் பரவ, சாயங்காலத்துக்குள் அந்தப் பதினொரு பேரும் ஒவ்வொருவராக வந்து, “என் கையும்தான்” என்று எழுதினார்கள்.

அக்கா தண்ணீர் பாட்டிலையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டாள். மானேஜர் வாசல்வரை வந்தார்.

“ஒம்பது வருஷம் வேலை குடுத்த இடத்துக்கு இப்படிப் பண்ணிட்டு, ஒரு மன்னிப்புகூடக் கேக்காமப் போறீங்களே?”

“இருந்ததையெல்லாம் உங்களுக்காகவே கேட்டுத் தீத்துட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு, அவள் செருப்பை மாட்டினாள்.