தூலாவின் இரண்டு குடைகள்

தூலா மத்திலா எங்கள் ஊர் ஏரிக்கரைச் சாலையில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறாள். வயது ஐம்பத்தொன்று. ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்க மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போகிறவள். வாங்கிவிட்டால் அது கிழியும்வரை வேறொன்றைப் பார்க்க மாட்டாள்.

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் அவள் எங்கள் விமானத் திடலுக்கு வந்து பாராசூட்டில் குதிப்பாள். அங்கே பாராசூட் மடிப்பதும் தைப்பதும், ஒவ்வொரு குதிப்பையும் ஏட்டில் எழுதுவதும் ஓர்வோவாகிய என் வேலை. அவளுடைய முதல் குதிப்பு 2009 ஜூன் 13. அன்று மேற்குக் காற்று.

பாராசூட்டின் விரியும் துணியை நாங்கள் குடை என்போம். தூலாவின் குடை சிவப்பு நிறம், நூற்றிருபது சதுர அடி, இரு ஓரமும் குறுகிக் கூரானது. விரலை அசைத்தால் போதும், திரும்பிவிடும். அதில் அவள் 612 முறை இறங்கியிருந்தாள். புல்லை உரசிக்கொண்டு அவள் வந்து நிற்பதைப் பார்க்க, காப்பிக் கோப்பையோடு ஆட்கள் வெளியே வருவார்கள்.

2021 கோடையில் சிறகு உடை வாங்கினாள். கைக்கும் உடம்புக்கும் நடுவில், இரு காலுக்கும் நடுவில் துணி வைத்துத் தைத்த உடை அது. அதைப் போட்டுக்கொண்டு குதித்தால் நேராகக் கீழே விழாமல் முன்னோக்கிப் பறக்கலாம். ஏன் இந்த வயதில் என்று ஒருமுறை கேட்டேன். “அந்த ரெண்டு நிமிஷம் யாரும் மணி அடிச்சு நிறுத்தச் சொல்றதில்ல ஓர்வோ,” என்றாள்.

ஆனால் பறந்து முடித்ததும் குடையைத் திறந்துதானே இறங்க வேண்டும். அந்த உடையோடு திறக்கும்போது சிவப்புக் குடையின் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. பதினான்கு பறப்பில் ஐந்து முறை. ஐந்தாவது முறை, 2022 மே 21 அன்று, அவள் அதைக் கழற்றிவிட்டு அவசரக் குடையில் இறங்கினாள். சிவப்புக் குடையை ஊசியிலை மரத்தின் உச்சியிலிருந்து எடுக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஹெய்மோ அதிகம் பேசுகிறவன் அல்ல. “எந்தக் குடைன்னு ஒரு முடிவுக்கு வா. இன்னொரு தடவை கழட்டி விட்டா, அந்த உடுப்ப அலமாரில வச்சுப் பூட்டிடுவேன்,” என்று மட்டும் சொன்னான்.

தூலா ஒன்பது பேரிடம் யோசனை கேட்டாள். பெரிய குடை வாங்கு என்றார் ஒருவர். அளவு முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம் என்றார் இன்னொருவர். குடையை இழுத்துத் திறக்கும் நாடா நீளமாக இருக்க வேண்டும் என்று மூன்று பேர். திறக்கும்போது தோளைச் சாய்க்கிறாய் என்று இரண்டு பேர், அதிலும் ஒருவர் இடது தோள், மற்றவர் வலது. மிச்ச இரண்டு பேர், அவள் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ சொன்னார்கள். ஒன்பதையும் எழுதி வைத்தேன். படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது.

கடைசியில் எங்கள் பாராசூட் சங்கத்தின் குடையை இரவல் கொடுத்தோம். நூற்றைம்பது சதுர அடி, நீள்சதுர வடிவம், மெல்லிய துணி என்பதால் அவளுடைய முதுகுப் பையிலேயே அடங்கியது. தூலாவுக்குப் பிடிக்கவில்லை. வாரம் முழுக்க ஓட்டுகிற பஸ்ஸையே இங்கேயும் ஓட்டுவது போலிருக்கிறது என்றாள். ஜூனில் அதில் எட்டு முறை பறந்தாள். மூன்று முறை முறுக்கிக்கொண்டது.

ஜூலை முதல் சனிக்கிழமை காப்பி அறையில் கணக்கை வாசித்தேன். சிறியதில் பதினான்குக்கு ஐந்து, நூற்றுக்கு முப்பத்தாறு. பெரியதில் எட்டுக்கு மூன்று, நூற்றுக்கு முப்பத்தேழரை. யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

“அப்ப குடைல ஒண்ணுமில்ல,” என்றான் ஹெய்மோ. “ஆளுகிட்டதான் கோளாறு. உடுப்பக் குடுத்துடு தூலா.”

தூலா ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஓர்வோ, முறுக்குனத எண்ணிட்ட. முறுக்குனதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எழுதியிருக்கியா?”

எழுதவில்லை.

“சின்னதுல முறுக்குனா ஏரி என்னச் சுத்திச் சுத்தி வரும். எது மேல, எது கீழன்னே தெரியாது. பெருசுல ஏரி இருந்த எடத்துலயே இருந்துச்சு. காலை உதைச்சு நானே பிரிச்சுக்கிட்டேன்.”

அவள் மணிக்கட்டில் கட்டும் உயரமானி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும். அதைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிறிய குடையில் முறுக்கிய ஒவ்வொரு முறையும் அவள் சுழன்றபடி இழந்த உயரம் இருநூற்று நாற்பதிலிருந்து நானூற்றுப் பத்து மீட்டர்வரை. பெரியதில் எதுவும் எழுபதைத் தாண்டவில்லை.

அப்படியானால் முறுக்குவது ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றது. தோளா நாடாவா என்று மறுபடியும் தொடங்கினார்கள். தூலா குறுக்கிட்டாள்.

“முறுக்காத குடையத்தான் இத்தன நாளாத் தேடிக்கிட்டிருந்தேன். முறுக்குனாலும் நேராப் போற குடைதான் எனக்கு வேணும். அந்தப் பெருசையே குடுங்க.”

ஹெய்மோ யோசித்தான். ஒரு பறப்புக்குச் சம்மதித்தான். நான் குடையை இழுக்கும் நாடாவையும் மாற்றி, முன்பைவிட நீளமாக, இரண்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டரில் புதிதாகத் தைத்துப் பொருத்தினேன்.

ஜூலை 9. ஆயிரத்து நூறு மீட்டரில் குடை திறந்தது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறுகள் மறுபடியும் முறுக்கிக்கொண்டன, இரண்டு சுற்று. பக்கத்தில் ஹெய்மோ வாய்க்குள் நொடிகளை எண்ணினான். குடை சுழலவில்லை. அதன் கீழே கால் உதைக்கும் சிறு உருவத்தோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பதினொன்று எண்ணியபோது கயிறுகள் பிரிந்தன.

காற்றை எதிர்த்து வர அந்தக் குடைக்கு வேகம் போதவில்லை. ஓடுபாதையைத் தாண்டி ஓட்ஸ் வயலில் இறங்கினாள். துணியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துவர அரை மணி நேரம் ஆனது.

“நாடா நீளமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஏன் முறுக்குச்சு?” என்று கேட்டான் ஹெய்மோ.

“தெரியல.”

அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

தூலா துணியை என் கையில் திணித்தாள். “மூணு மணி விமானத்துல எடம் இருக்காமே. சீக்கிரம் மடி.”

ஹெய்மோ விமானப் பட்டியல் எழுதும் பலகைக்குப் போனான். மூன்று மணிப் பட்டியலில் அவள் பெயரை எழுதினான். நான் குடையைத் தரையில் விரித்து, சிக்கியிருந்த ஓட்ஸ் தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.