வீட்டில் சும்மா இருப்பவர்கள்

மகள் படிக்கும் பொதுக் கொள்கை என்றால் என்னவென்று சுந்தரிக்கு இன்றுவரை புரியவில்லை. மகள் மோகனாவுக்காவது முழுதாகப் புரிந்ததா என்றால் அதுவும் சந்தேகம்தான். பெங்களூரில் முதுகலை முதல் வருடம் முடித்துவிட்டுக் கோடைக்காலப் பயிற்சிக்குச் சொந்த ஊரான ஆம்பூருக்கே வந்திருந்தாள். காட்பாடித் தொண்டு நிறுவனம் ஒன்று கையில் டேப்லெட்டைக் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் தொழிலாளர் நல அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும்.

முதல் வீடு ஜஹீதாவுடையது. அவள் மடியில் ஷூ கம்பெனி ஜோடிக்கு இவ்வளவு கூலி என்று தைக்கக் கொடுத்தனுப்பிய மேல்தோல், விரலிடுக்கில் ஊசி.

"அக்கா, நீங்க வேலை செய்றீங்களா?"

"இல்லமா, வூட்ல சும்மாதான் இருக்கேன்." சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள் ஜஹீதா.

மோகனா 'இல்லை'யை அழுத்தினாள். டேப்லெட் நன்றி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டிலும் அதே ஊசி, அதே பதில். யாரும் பொய் சொல்லவில்லை. சங்கு ஊதுவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஓடினால்தான் அவர்களுக்கு அது வேலை. அப்படியென்றால் மடியில் கிடப்பது என்ன? மோகனாவுக்குத் தலை சுற்றியது.

புதன்கிழமை மேற்பார்வையாளர் அருணகிரி போன் செய்தார். "நாப்பத்திமூணு வீட்ல நாப்பது பேருக்கு வேலை இல்லையாமே? அந்தத் தெருவையே பட்டியல்லேருந்து எடுத்துடலாம்மா."

"சார், எல்லாரும் தைக்கிறாங்க. நானே பாத்தேன்."

"அவங்க சொன்னதத்தான் போடணும். நாமளா போட்டா அது கணக்கெடுப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடு."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எரிச்சலே அதில்தான்.

அன்று சாயங்காலம் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டியபோது அவளுடைய பயிற்சி விண்ணப்பம் கண்ணில் பட்டது. தாயின் தொழில் என்ற இடத்தில் அவளே அடித்திருந்தாள்: இல்லை. எதிரே சுவரில் சாய்ந்து அம்மா ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். மோகனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"யம்மா, இன்னிக்கு எத்தன ஜோடி?" என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"பன்னெண்டு. இன்னும் ரெண்டு கீது." பதில் சட்டென்று வந்து விழுந்தது.

மறுநாள் காலையில் மறுபடி ஜஹீதா வீட்டு வாசல்.

"அன்னிக்கே கேட்டுட்டுப் போனியே பாப்பா?"

"இது வேற கேள்விக்கா. நேத்து எத்தன ஜோடி தச்சீங்க?"

"பதினொண்ணு. இன்னிக்கு நீ பேசினே இருந்தா அதுவும் ஆவாது."

மோகனா 'ஆம்' என்று மாற்றினாள். இருட்டுவதற்குள் நாற்பது வீட்டுக்கும் மறுபடி போய்வந்தாள். இது சரியா, அருணகிரி சார் ஒத்துக்கொள்வாரா, எதுவும் அவளுக்கு நிச்சயமில்லை. வீட்டுக்கு வந்து கடைசியாக ஒரு புதுப் படிவத்தைத் திறந்தாள். பெயர்: சுந்தரி. வேலை செய்கிறாரா: ஆம்.

அம்மா எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள். "அய்யய்யோ, பொய்யெல்லாம் போடாதடி. நான் எங்க வேலைக்குப் போறேன்?"

அதைச் சொல்லும்போதும் அவள் ஊசி நிற்கவில்லை.