சட்டத்தின் மறுமுனை

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மில்லுக்காரர்தான். கார் நிறுத்துவதற்காகக் கட்டிய கொட்டகையில் காரை விடாமல் ஒரு மேசை ரம்பத்தை வாங்கிப் போட்டு, உறவுக்காரர்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் அலமாரியும் முக்காலியுமாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"மரமெல்லாம் உங்களுக்கு, தூளெல்லாம் எனக்கு" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். ஆனால் நீளப் பலகை எதை அறுப்பதானாலும் அவள் வேண்டும். இவர் முன்னால் நின்று தள்ள, அவள் மேசையின் பின்பக்கம் நின்று, பிளேடைத் தாண்டி வருகிற பலகையைத் தாங்கிக்கொள்வாள். முழுக்க வந்ததும் மேசையில் மோதிர விரலால் இரண்டு தட்டு. அந்த இரைச்சலில் அது காதில் விழாது. அவள் கை அசைவதைப் பார்த்து இவர் சுவிட்சை அணைப்பார்.

அவள் இறந்துபோன பிறகு கொட்டகை பல மாதம் பூட்டியே கிடந்தது. வீட்டுக்குள் சத்தமென்று பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி அவ்வப்போது உறுமுவதுதான். கடைசியில் ஒருநாள், மகளுக்கு எப்போதோ சொல்லியிருந்த புத்தக அலமாரி நினைவுக்கு வந்து, பூட்டைத் திறந்தார். பலகையை வைத்தார், தள்ளினார். பாதி போனதுமே கருகல் நாற்றம். விடாமல் தள்ளினார். மறுபக்கம் தாங்க ஆளில்லாமல் பலகை தலைகுப்புறச் சாய, எட்டிப் பிடிக்கப் போனார். அது பிளேடில் சிக்கி, ஓங்கி வயிற்றில் உதைத்தது.

அலறல் கேட்டு ஓடி வந்தவர் பக்கத்து வீட்டு லாரி டிரைவர்.

"என்ன மில்லுக்காரரே, மரத்துகிட்டயே அடி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். கையோடு மகளுக்கும் போன் போட்டுவிட்டார்.

மகள் வெளியூரிலிருந்து பொரிந்து தள்ளினாள். "அந்த மெஷின் வேண்டாம்பா. இன்னைக்கு வயித்துல பட்டுது, நாளைக்குக் கை போனா யார் பாக்கறது? எனக்குத் தெரிஞ்ச தச்சர் ஒருத்தர் இருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிட்டுப் போகச் சொல்றேன்."

"தூக்கிட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்?"

"டிவி பாருங்க."

டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்தால் மற்றொன்று கண்ணில் படும். அதற்குப் பயந்துதானே கொட்டகைக்குப் போனார்? அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

"ஒண்ணு பண்ணு," என்றார். "ஞாயித்துக்கிழமை நீ மட்டும் வா. உன் எதிர்லயே நான் தனியா ஒரு பலகை அறுத்துக் காட்டறேன். ஒழுங்கா வந்தா மெஷின் இருக்கட்டும். இல்லேன்னா தச்சருக்குப் போன் பண்ணு, வாயே திறக்க மாட்டேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்."

வயிற்றில் ஊதா நிறத்தில் பூத்திருந்த வீக்கம் வடிவதற்குள் வேலையைத் தொடங்கினார். முதலில் பலகை விழாமல் இருக்க வேண்டும். ரம்பத்தின் பின்னால் ஒட்டினாற்போல் பிளைவுட்டில் ஒரு மேசை அடித்தார். முதல் தடவை அது ஒரு மயிரிழை உயர்ந்து போனதால், வந்த பலகை அதன் விளிம்பில் போய் முட்டி நின்றது. கால்களைக் கொஞ்சம் சீவிக் குறைத்தார். கொட்டகைத் தரை வேறு பள்ளமும் மேடுமாக இருந்தது. ஒரு காலுக்கு அட்டையை மடித்துச் செருகினார். அதன் பிறகு பலகையைக் கையால் தள்ளினால் தண்ணீரில் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்தது.

ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். பலகை விழவில்லை. ஆனால் அதே கருகல் நாற்றம். அறுத்த விளிம்பில் தீக்குச்சியால் இழுத்ததுபோல் கருப்புக் கோடு. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் மறுபடி உதைத்திருக்கும். சட்டென்று அணைத்துவிட்டார்.

பிளேடு மழுங்கியிருக்கும் என்று புதிது மாட்டினார். அதே கருப்பு. பிளேடைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், மரம் விற்ற கடைக்காரனையும் விடவில்லை. பிறகு காசாளருக்கே உரிய பிடிவாதம் தலைதூக்கியது. கணக்கு உதைத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதானே?

மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்தார். பலகை உரசிக்கொண்டு போகும் பக்கச் சட்டத்துக்கும் அந்தப் பல்லுக்கும் உள்ள இடைவெளியை முன்னால் அளந்தார். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்து அங்கேயும் அளந்தார். இரண்டும் ஒன்று. சட்டத்தை இறுக்கும் நெம்புகோலைக் கீழே அழுத்தினார். மறுபடி அளந்தார். பின்னால் குறைந்திருந்தது. நெம்பைத் தூக்கினால் சரியாகிறது, அழுத்தினால் குறைகிறது. முன்முனையை இறுக்கும்போதெல்லாம் சட்டத்தின் பின்முனை பிளேடுப் பக்கம் நைசாகச் சாய்கிறது! நடுவில் மாட்டிய பலகை கருகாமல் என்ன செய்யும்?

சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே குழப்பம் வந்தது. வாங்கிய நாளிலிருந்து இதே சட்டம், இதே நெம்பு. இத்தனை அலமாரி அறுத்தோமே, ஒன்றாவது கருகியதா?

சட்டத்தைச் சுற்றி வந்து பின்முனையைப் பார்த்தார். நீளம் முழுக்கப் பச்சை பெயிண்ட் அப்படியே இருக்க, கடைசியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது.

பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

அங்கேதான் அவள் இடது கையை வைத்துக்கொண்டு நிற்பாள். இவர் நெம்பை அழுத்தும்போதே வைத்துவிடுவாள், பலகை வந்து முடியும்வரை எடுக்க மாட்டாள். "சாயறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாப்பா?" என்று இவர் கிண்டலடிப்பார். "பஸ் வந்ததும் எடுத்துடறேன், நீங்க தள்ளுங்க" என்பாள். ஒரு தடவை, "இது ஆடுதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "மெஷின் எங்கயாவது ஆடுமா? நீதான் ஆடறே" என்றார் இவர். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

எழுந்து, தானே செய்து பார்த்தார். நெம்பு இந்தக் கோடியில், தேய்ந்த இடம் அந்தக் கோடியில். நின்றுகொண்டு இரண்டையும் தொட முடியவில்லை. மேசை மேல் குப்புறச் சாய்ந்து, கன்னம் குளிர்ந்த இரும்பில் பட, ஒரு கையால் நெம்பை அழுத்தி மறு கையால் அந்தப் பளபளப்பை வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்தார். இறுகியது. எழுந்து அளந்தார். முன்னாலும் பின்னாலும் ஒன்று.

தெரிந்துதான் செய்தாளா, பழக்கத்தில் கை அங்கே போனதா? கேட்பதற்கு ஆள் இல்லை.

மறுநாள் கடைக்குப் போய் ஒரு திருகு கிளாம்ப் வாங்கி வந்தார். அதை மாட்டுவதற்குப் பின்முனையில் வேறு இடமும் இல்லை. அந்தத் தேய்ந்த இடத்தின் மேலேயே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் கிளாம்பைப் பூட்டி இறுக்கினார். பலகையை ஓட்டினார். கருப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கொட்டகைக்குள் நுழைந்தவள், யாரும் சொல்லாமலே நேராகப் பின்பக்கம் போய் நின்றாள்.

"அங்க நிக்காதேம்மா. இப்படி வா."

"பலகையைப் பிடிக்க ஆள் வேண்டாமா?"

"வேண்டாம். அதைக் காட்டத்தானே உன்னை வரச் சொன்னேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். தள்ளுகுச்சியால் கடைசிவரை நிதானமாகத் தள்ளினார். பலகை பிளேடைத் தாண்டி, பின்மேசையில் வழுக்கிப் போய்ச் சத்தமில்லாமல் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டது. பிளேடு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் எதிரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா! ஆஃப் பண்ணுங்க."

"ம்? ஆமா." அணைத்தார்.

மகள் பலகையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பின்முனையில் கிளாம்பைத் தொட்டு, "இது என்னப்பா, புதுசா?" என்றாள்.

"புதுசுதான். அது இல்லேன்னா சட்டம் ஆடும்."

மகள் அதை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

"சரி, இருக்கட்டும். தச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா மெஷின் ஓட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன், முடிஞ்சதும் ஒரு போன். சம்மதமா?"

"சம்மதம்."

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வாசலில் டிரைவர், "மில்லு தப்பிச்சுதா?" என்று கேட்க, கையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். அறுத்த பலகை பின்மேசையிலேயே கிடந்தது. அதை எடுக்க ரம்பத்தைச் சுற்றிக்கொண்டு போனவர், பின்மேசையை ஒட்டி, மனைவி எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். அங்கே நின்று எதிர்ப்பக்கத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எதிரே ரம்பம். அதற்கப்பால் இவர் நிற்கும் இடத்தில் தரை சிமெண்ட் தேய்ந்து வழவழத்திருந்தது. பின்னால் வெற்றுச் சுவர். அவளுக்குப் பார்க்க வேறெதுவும் இருந்திருக்காது.

பலகையை அங்கேயே விட்டுவிட்டு, விரலால் மேசையை இரண்டு தட்டு தட்டினார். பிறகு விளக்கை அணைத்தார்.