அவளுடைய படத்துக்குக் கீழே என் வரிகள்

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காதுதான் கொதிக்கும். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில், கறிவேப்பிலைப் பெட்டிக்கு அருகே இலவச மாத இதழ் ஒன்றை அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் அவளுடைய படம் முதல் தடவை வந்த அன்று, முருங்கைக்காய் வாங்கப் போன நான் அதை மறந்து, இரண்டு காதும் கொதிக்க இதழோடு மட்டும் வீடு திரும்பினேன். படம் கால் பக்கத்துக்கு இருந்தது. படத்துக்குக் கீழே இருந்த கட்டுரையைத் தமிழில் எழுதியவள் நான். கட்டுரையின் கடைசியில் 'தமிழில்' என்று போட்டு என் பெயர் வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது.

அவளை இங்கே பலருக்குத் தெரியும். லண்டனில் பிறந்தவள். மன்னார் அப்பா, யாழ்ப்பாணத்து அம்மா. பத்திரிகையாளர், பெண்ணியவாதி, நாவலாசிரியர் என்று மூன்று பட்டங்களையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் அவளை மேடைக்குக் கூப்பிடுவார்கள். என்னைவிட எட்டு வயது இளையவள். நானோ ஊரில் ஒரு நாளிதழின் பெண்கள் பக்கத்தை மூன்று வருடம் பார்த்தவள். அந்தப் பக்கம் வெளிவரும் நாளில் கடைத்தெருவில் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அப்பொயின்ட்மென்ட் கடிதம் அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க எழுதித் தள்ளுகிறேன். எல்லாவற்றுக்கும் கீழே யாரோ ஒரு டாக்டரின் பெயர் இருக்கும்.

அவள் ஏறிய ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். படித்து முடித்ததும் குரோய்டனில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் சேர்ந்தாள். கவுன்சில் கூட்டம், காணாமற்போன பூனை, ட்ராம் தாமதம் என்று எழுதிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் அங்கிருந்த பெரிய விசா அலுவலகத்துக்கு வெளியே குழந்தைகளோடு வரிசையில் நிற்கும் பெண்களைப் பற்றி எழுதினாள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பனியில், கையுறை இல்லாமல், ஒரு காலை முழுக்க. எனக்கு அங்கே கால்தான் விறைத்தது. அவளுக்கு அங்கிருந்து ஒரு தேசியப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. பிறகு வாரந்தோறும் ஒரு பத்தி, வானொலியில் விவாதம், அசிங்கமாகத் திட்டி வரும் மின்னஞ்சல்கள், அந்த மின்னஞ்சல்களைப் பற்றி இன்னொரு பத்தி, அதன்பின் முதல் நாவல். அவளைத் திட்டுகிறவர்கள்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது உண்டு. என்னைத் திட்டுவதற்கு ஆளில்லை.

மாத இதழின் ஆசிரியர் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். "எங்கட பிள்ளை ஒண்டு இங்கிலீஷ் பேப்பரில எழுதுது, எங்கட சனத்துக்குத் தெரிய வேண்டாமோ?" என்று அவர்தான் அவளுடைய பத்திகளை மாதம் ஒன்றாகத் தமிழில் போடத் தொடங்கினார். மொழிபெயர்க்க என்னைக் கேட்டார். நான் உடனே ஓம் என்றேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுத ஒரு இடம் கிடைக்கிறதே என்ற ஆசை பாதி. அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிறாள், கிட்டப் போய்ப் பார்ப்போம் என்ற எண்ணம் மீதி.

கிட்டப் பார்த்தால் நன்றாகத்தான் எழுதினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவதோ நான்காவதோ மாதம் வந்த பத்தி வீட்டு வேலை பற்றியது. இங்கிலீஷில் அவள் அதை, வாசிக்கிறவர் சிரிக்கும்படி, ஒரு குத்தலான பகிடியோடு முடித்திருந்தாள். தமிழில் அந்தப் பகிடி எழும்பவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறுத்துப்போய் அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் நானாகவே ஒரு பந்தி எழுதினேன்:

"எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள் இருந்தன. அவற்றில் ஒன்றிலும் அம்மா இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா இருந்து நான் பார்த்தது தேங்காய் துருவும் துருவலையில் மட்டும். 'இருங்கோவன் அம்மா' என்றால், 'எனக்கு நிண்டு பழக்கம் பிள்ளை' என்பார்."

அது என் அம்மா. என் வீட்டுக் கதிரைகள். எழுதி முடித்ததும் சத்தமாக ஒரு தடவை வாசித்தேன். ஊரை விட்டு வந்த பிறகு எனக்கென்று நான் எழுதிய முதல் நான்கு வரிகள் அவை. அழித்துவிட வேண்டும் என்று தெரிந்தது. அழிக்க மனம் வரவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்படியே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த மாதம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான்கைந்து பெண்கள் அங்கே வந்திருந்த அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். "தங்கச்சி, அந்தத் துருவலையை வாசிச்சிட்டு நான் அழுதிட்டன்" என்று ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்தாள். அவள் எல்லாருக்கும் சிரித்து நன்றி சொன்னாள். நான் பாதி கடித்த பற்றீஸைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றேன். காது கொதித்த கொதிப்பில் தேநீரே தேவையில்லை. என் அம்மாவுக்காக அழுத கண்ணீரை அவள் வாங்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, துருவலை எண்டா வாட்?"

"தேங்காய் துருவிற சாமான்."

"நான் அதைப் பத்தி எழுதினனானா?"

"தமிழில கொஞ்சம் அப்பிடி இப்பிடி வரும்" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "ஓகே அக்கா" என்று போய்விட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு பந்தி, சில மாதம் இரண்டு. என் சின்னம்மா, என் பள்ளிக்கூடம், விசா வரிசையில் விறைத்த என் கால், எல்லாவற்றையும் அவளுடைய படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். கடையில், பேருந்தில், விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வாசலில்கூட அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் காதைத் தீட்டிக்கொள்வேன். அவர்கள் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் என் வரிகளாக இருக்கும். அப்போது ஒரு பெருமை வரும். அடுத்த நிமிடமே, இது என்னுடையது என்று வாய் திறந்து சொல்ல முடியாதே என்று இருக்கும். சொன்னால், அவள் பெயரில் நான் செய்த கள்ள வேலை வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் என் அம்மாவும் நானும் அவளுக்கே சொந்தமாகிவிடுவோம். இரண்டு வருடம் இப்படித்தான் போனது.

அவளுடைய இரண்டாவது நாவல் வந்தபோது, ஆசிரியர் ஒரு தேவாலய மண்டபத்தில் நம்மவர்களுக்காக வெளியீட்டு விழா வைத்தார். குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, வெளியீட்டுரை, ஏற்புரை, ஒன்றும் குறையவில்லை. அவள் ஏற்புரையை இங்கிலீஷில் பேசுவாள், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மேடையில் நான்கு கதிரைகள் போட்டிருந்தார்கள். எனக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளர் நின்றுதானே பேசுவது. விழா தொடங்கியதிலிருந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

முன்வரிசையில் அவளுடைய அம்மா இருந்தார். தபால் பிரிக்கும் இடத்தில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாத இதழை மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர் என்று பூசைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண் இருக்கும்போது அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்ததை நினைத்தால், இப்போது என்மேலேயே சிரிப்பு வருகிறது.

வெளியீட்டுரை ஆசிரியருடையது. நம் விழாக்களில் வெளியீட்டுரை செய்கிறவர் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் நாவலின் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பழைய இதழை எடுத்தார். "இந்தப் பிள்ளையின்ர எழுத்தின்ர ஆழத்துக்கு ஒரு உதாரணம் போதும்" என்று, அந்த ஆறு கதிரைகளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் அவளுடைய அம்மா மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

அவள் எழுந்து வந்தாள். முதல் சில வசனங்கள் நல்லபடி போயின. அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கொஞ்சம் மிடுக்காகக்கூட இருந்தது. பிறகு அவள் என் பக்கம் அரைவாசி திரும்பிக்கொண்டு, இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாக இப்படிச் சொன்னாள்:

"சற்று முன் ஐயா வாசித்த வரிகள் என்னுடையவை அல்ல. அவற்றை எழுதியவர் இந்த அக்கா. எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அந்த இதழை அம்மா எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் சும்மா இருந்தேன், ஏனென்றால் என் சொந்த வரிகளுக்காக யாரும் என் கையைப் பிடித்து அழுததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். மைக் என் வாய்க்கு முன்னால் இருந்தது. இரண்டு வருடமாக எதைச் சொல்ல வேண்டும் என்று துடித்தேனோ, அதை அவளே எடுத்துத் தந்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது தமிழில் சொல்வது மட்டுமே. அதைக்கூட இவள் தர நான் வாங்க வேண்டுமா என்று கோபம் கோபமாக வந்தது. பயமும் வந்தது.

"வருகை தந்திருக்கும் அனைவருக்கும் தனது நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறார்" என்றேன்.

பின்வரிசையில் இளம் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் நன்றாகவே விளங்கும். நான் அங்கே நின்றது ஒரு சம்பிரதாயத்துக்கு. அது எனக்கு அந்த நிமிடம் வரை உறைக்கவில்லை.

அவளுடைய அம்மா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "பிள்ளை, அவள் சொன்னது அது இல்லை. சரியாச் சொல்லும்."

சொன்னேன். "அந்த வரிகளை எழுதினது நான்" என்று மைக்கில் கேட்டது என் குரல்போலவே இல்லை. அவள் சொன்ன பொறாமையையும் விடாமல் சொன்னேன். ஆசிரியர் கையிலிருந்த இதழைப் புரட்டி, என் பெயரைத் தேடினார். அந்த இதழிலும் அந்த இடத்தில் விளம்பரம்தான் இருந்தது.

விழா முடிந்ததும் பெண்கள் சிலர் என்னிடமும் வந்தார்கள். புத்தகத்தில் கையெழுத்து வாங்க அவளிடம் நின்ற வரிசை என்னிடம் வந்தவர்களைவிட நீளம். எண்ணவில்லை என்று சொன்னால் பொய். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து, "சொரி அக்கா, உங்களிட்ட முதலே சொல்லியிருக்க வேணும்" என்றாள். "நானும்தான்" என்றேன். அவள் அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

அவளுடைய அம்மாவிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் என்னைக் கேட்க விடவில்லை.

"இரண்டு வருசமா பூசைக்கு வாற சனமெல்லாம் என்ர கையைப் பிடிச்சு, பாவம் அன்ரி, பாவம் அன்ரி எண்டுதுகள். நான் என்ன பாவம்? வேலையால வந்தா செருப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு சோபாவில விழுந்திடுவன். இவளின்ர அப்பாதான் சமைக்கிறது. துருவலை எங்கட வீட்டில இருந்ததே இல்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி."

"அப்ப அது ஆர்?"

"என்ர அம்மா."

"இருக்கிறாவோ?"

"இல்லை. போய்ச் சேர்ந்திட்டா."

அவர் கைப்பையை மடியில் வைத்து, கால்களை முன்னால் நீட்டி, முதுகை நன்றாகச் சாய்த்து, அந்தக் கதிரை முழுவதும் தனக்கே என்பதுபோல் இருந்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் காது கொதிக்கவில்லை. முதல் தடவையாக வயிறுதான் எரிந்தது. அவளுடைய படம், பத்தி, நாவல், மூன்று பட்டம் எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். இப்படி இருக்கத் தெரிந்த அம்மா ஒருத்தி அவளுக்கு இருந்திருக்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் பக்கத்துக் கதிரையிலிருந்த தன் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, வெறுமையான ஆசனத்தைத் தட்டினார். "வந்ததில இருந்து நிக்கிறீர். இதில இரும் பிள்ளை."

"பரவாயில்லை அன்ரி" என்றேன். "எனக்கு நிண்டு பழக்கம்."

சொல்லி வாயை மூடிய பிறகுதான், அது யாருடைய வரி என்று எனக்குக் கேட்டது.