பிலோ அக்கா போடாத கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது: பிலோமினா அக்கா போய்விட்டார். கூடவே எங்கள் கிடங்கு நிர்வாகம் தயாரித்த அஞ்சலிப் படம். அக்காவின் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி: "எதையும் எதிர்த்துப் பேசாமல் நிர்வாகத்தோடு இறுதிவரை ஒத்துழைத்தவர்." கூடையைக் கீழே போட்டேன். அழுகை பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம்.

யார் எதிர்த்துப் பேசாதவர்? பிலோ அக்காவா? நல்ல கதை! திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில் அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். கிரேன் கொக்கி, சங்கிலி, வெல்டிங் எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒருமுறை விரிசல் விட்ட கொக்கியைக் கழற்றி ஆபீஸ் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதில் தன் குடையைத் தொங்கவிட்டார். "இது இனிமே இதுக்குத்தான் லாயக்கு" என்றார். குடை அங்கேதான் பல வருடம் தொங்கியது.

அந்தத் துப்பாக்கி விஷயம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் அந்த அறையில் இருந்தவன், முழுதாகச் சொல்கிறேன். கேட்பாரற்றுக் கிடந்த கன்டெய்னர் ஒன்றைத் திறந்தபோது, பழைய மரச்சாமான்களுக்கு அடியில் நீளமான பெட்டி. உள்ளே பச்சைக் கம்பளித் துணியில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி. போலீஸ் வந்து பார்த்தது, தோட்டா எதுவும் இல்லை. பழம்பொருள் என்றால் அருங்காட்சியகத்துக்குப் போகும், உடைசல் என்றால் அறுத்துப் போடலாம், நிலைமையை எழுதித் தாருங்கள் என்றார்கள். மேனேஜர், அக்கா, சரக்குப் பட்டியல் எழுதும் நான், மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும்.

யானை வேட்டைக்கென்று செய்த, பழைய காலத்துக் கரிய வெடிமருந்தால் சுடும் துப்பாக்கி அது. தூக்கினால் ஏழெட்டுக் கிலோ அரிசிப் பை போலக் கனத்தது. ஒரு பவுண்டு ஈயத்தை எட்டு உருண்டையாக்கினால் அதில் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமாம். என் கட்டைவிரல் தாராளமாக உள்ளே போனது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சுத்தியல், ஒரு விசை. அடியிலிருக்கும் நெம்புகோலைத் திருப்பினால் குழல்கள் முன்பக்கம் மடங்கிப் பின்வாய் திறக்கும், தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். முதல் குண்டுக்கு யானை விழாவிட்டால் இரண்டாவது தயாராக இருக்கும்.

மேனேஜர் இரண்டு குழல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார். பின்னால் அகலம், முனையில் குறுகல். "கோணிப் போச்சு. உடைசல்னு எழுது" என்றார். பழம்பொருள் என்றால் மாதக்கணக்கில் கடிதம், அலைச்சல். உடைசல் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும். நான் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அக்கா பேனாவைத் தொடவில்லை. "எனக்கும் கோணலாத்தான் தெரியுது சார். ஆனா ரெண்டும் ஒரே அளவு கோணலா கீது. அடிபட்டது இப்டி சமமாவா கோணும்? ரெண்டு குழாவையும் சேத்துப் பத்த வச்ச எடம் எங்கயும் விரிசல் வுடல. மூணு நாள் குடு சார்."

துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரை ராயபுரம் மாதா கோயிலில் அக்காவுக்குப் பழக்கம். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு நான்காம் நாள் வந்தார். காலித் துப்பாக்கியை மேனேஜர் கையில் கொடுத்துத் தோளில் வைக்கச் சொன்னார். வலது குழலின் முனையில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் ஒரு தள்ளு தள்ளினார். துப்பாக்கி வலது பக்கம் திரும்பியது.

"பாத்தியா சார்? ரைட்டு குழா சுட்டா ரைட்டுல ஒதைக்கும். குண்டு வெளிய வர்றதுக்குள்ளயே முனை திரும்பிடும். குழா நேரா இருந்தா குண்டு எங்கயோ பூடும். அதான் ரெண்டையும் உள்ளுக்குப் பாத்த மாரி வச்சிகீறான். ஒதையையும் சேத்து செஞ்ச துப்பாக்கி சார் இது!"

செய்தவன் சும்மா ஒட்டிவிட்டுப் போகவில்லை. சுட்டுப் பார்த்து, குண்டுகள் விலகினால் குழல்களைப் பற்றவைத்த உலோகத்தை உருக்கி, முனைகளுக்கு நடுவே இருக்கும் ஆப்பை நகர்த்தி, மறுபடி பற்றவைத்து மறுபடி சுட்டிருக்கிறான். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும்வரை விடவில்லை. அதுவும் ஒரே அளவு மருந்துக்குத்தான். அளவு மாறினால் உதை மாறும், குறியும் தப்பும். அக்கா இதையெல்லாம் சொல்லி முடித்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். "உனக்கு நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

"வூட்டுக்குப் போன்னா போறேன் சார். கையெழுத்துன்றது என் மூஞ்சி. கண்ட எடத்துல ஒட்ட மாட்டேன்." சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். ஆணியில் குடை மட்டும் இருந்தது.

நான் அந்தத் தாளை எடுத்து என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தேன். மூன்றில் இரண்டு கையெழுத்து இல்லாத அறிக்கையைப் போலீசுக்கு அனுப்ப முடியவில்லை. போலீஸ் அனுப்பிய வேறு ஆட்கள் வந்து பார்த்தார்கள், துப்பாக்கி அருங்காட்சியகத்துக்குப் போனது. அக்கா இரண்டு மாதம் வேலையில்லாமல் கல்மண்டபம் பகுதியிலிருந்த தன் வீட்டில் இருந்தார். அவர் சோதிக்காத கிரேனில் ஏற ஆபரேட்டர்கள் மறுத்த பிறகுதான் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்ததும் என்னிடம், "இன்னா செல்வம், அடிக்கிறதுக்குக்கூட தைரியம் வந்திச்சா ஒனக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

என் கையெழுத்து அடிக்கப்பட்டு, அவர் இடம் காலியாக இருக்கும் அந்தத் தாள் இன்னமும் என் பீரோவில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

இந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிர்வாகம் ஓர் இரங்கல் தீர்மானம் தந்தது. அதே வரி: "எதையும் எதிர்த்துப் பேசாமல்." அக்காவின் நீண்டகாலத் தோழர் என்று என் பெயரை அச்சடித்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை.